சங்கம் உட்கார்ந்த புல்

அபரோரோ நாட்டுக்குக் கால்பந்து அணி ஒன்று உண்டு. அந்த அணிக்கு ஒரு சங்கம் உண்டு. சங்கத்தில் தலைவர் ஒருவர், துணைத்தலைவர்கள் ஒன்பது பேர், செயலாளர், இணைச் செயலாளர், இணைச் செயலாளருக்கு உதவியாக ஒரு மூத்த செயலாளர், பிறகு முன்னாள் தலைவர்கள், வருங்காலத் தலைவர்கள் என்று ஊரில் வயிறு பெருத்தவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். நாற்பது ஆண்டுகளாகச் சங்கம் தவறாமல் கூடி வந்திருக்கிறது. புயல் வந்து பாதித் தீவின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போன வாரத்தில்கூடக் கூடியது. அன்று புயலைக் கண்டித்து ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினார்கள்.

அணி ஆடியதுதான் கொஞ்சம் குறைவு. நாற்பது ஆண்டில் வெளிநாட்டில் ஆறு ஆட்டம். ஆறிலும் தோல்வி. ஒரு கோல்கூடப் போட்டதில்லை. வாங்கிய கோல்கள் எத்தனை என்பதைச் சங்கம் வெளியிட்ட வரலாற்று மலர் "கணிசமானவை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, அடுத்த இருபது பக்கத்துக்குத் தலைவர்களின் படங்களைப் போட்டிருக்கிறது.

பரனிகோ இந்த அணியின் கோல்கீப்பர். துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் ஆலையில் பாளம் தூக்குகிறவன். வயது முப்பத்தாறு. அணியில் சேர்ந்து பதினான்கு வருடம் ஆகிறது. ஓர் ஆட்டம் ஆடியதில்லை. நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு, வலை கட்டிய கம்பங்களுக்கு நடுவே, எதிரே நிஜமான எதிரிகள் ஓடி வர, ஒரே ஒரு தடவை நிற்க வேண்டும். அவனுடைய ஆசை அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் விமானம் கிளம்பும் சமயத்தில் சங்கத்திலிருந்து யாராவது வந்து அவனுடைய இருக்கையைக் கேட்டுவிடுவார்கள்.

அபரோரோவில் உறவுக்காரன் ஒருவன் வந்து, "இதை நான் கேட்கிறேன்" என்று முறைப்படி சொல்லிவிட்டால், கேட்ட பொருளைக் கொடுத்துவிட வேண்டும். புபுசி என்று அதற்குப் பெயர். இல்லை என்று சொல்வது நடக்காத காரியம்; அந்த அவமானத்தோடு யாரும் அந்தச் சின்னத் தீவில் வாழ முடியாது. மழை பொய்த்த வருடங்களில் ஈரப்பலா இருந்த வீடு இல்லாத வீட்டுக்குக் கொடுத்து, தீவு உயிர் பிழைத்ததே இதனால்தான். நல்ல வழக்கம். பாழாய்ப்போன சங்கத்தின் கண்ணில் படும்வரை நல்ல வழக்கமாகத்தான் இருந்தது.

முதல் தலைவர் கால்பந்து மைதானத்தைக் கேட்டார். மக்கள் கொடுத்தார்கள். அதில் அவர் கிழங்குக் குழி வெட்டினார். இரண்டாம் தலைவர் கோல் கம்பங்களைக் கேட்டார். அவை அவர் படகுக் கொட்டகையின் தூண்கள் ஆயின. மூன்றாமவர் வலையைக் கேட்டு அதில் மீன் பிடித்தார். கேட்பவர்களிடம் திருப்பிக் கேட்கும் உரிமையும் வழக்கத்தில் உண்டுதான். ஆனால் சங்கத்துக்காரர்களிடம் கேட்கலாம் என்று போனால் அவர்கள் கூட்டத்தில் இருப்பார்கள். கூட்டம் நடக்கையில் ஆட்டக்காரன் வாய் திறக்கக் கூடாது என்பது சங்கத்தின் முதல் விதி. கூட்டம் எப்போதும் நடந்துகொண்டே இருந்தது.

அதனால் அணி கடலில் பயிற்சி எடுத்தது. அலை வற்றும் நேரத்தில் பவளத் திட்டு வெளியே தெரியும். கணுக்கால் தண்ணீரில் இரண்டு மணி நேரம் பந்தை உதைக்கலாம். பரனிகோ பாய்ந்தால் மீன் தெறிக்கும். தண்ணீர் ஏறினால் பயிற்சி முடிந்தது என்று பொருள்.

சில வருடங்களுக்கு முன் உலகக் கால்பந்து அமைப்பு ஒரு சுருள் செயற்கைப் புல் அனுப்பியது. கோல் கம்பத்துக்கு முன்னால் விரித்துக் கோல்கீப்பர்கள் பாய்ந்து பழக வேண்டும் என்று அனுப்பியது. அப்போதைய தலைவரும் இப்போதைய தலைவரும் ஒருவரே: தியாரோ. பரனிகோவின் அம்மாவுக்கு உடன்பிறந்தவர், ஆகவே மாமா. அவர் அதைக் கூட்ட மண்டபத்தில் விரிக்கச் சொன்னார்.

"கால்பந்து எங்க நடக்குது? கூட்டத்துலதான் நடக்குது," என்றார் தியாரோ. "அப்ப புல்லு அங்கதான இருக்கணும்?"

அன்று முதல் துணைத்தலைவர்கள் பச்சைப் புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆட்டக்காரர்களின் ஒழுக்கக் குறைவு பற்றிக் கவலைப்பட்டார்கள்.

ஒரு தடவை ஆஸ்திரேலியாவிலிருந்து கீத் என்று ஒரு பயிற்சியாளர் வந்தார். அவருக்கு அந்தத் தீவில் உறவுக்காரர் யாரும் இல்லை. சங்கம் முதல் கூட்டத்திலேயே அவரைத் தத்தெடுத்து உறவாக்கிக்கொண்டது. இரண்டாம் கூட்டத்தில் கேட்க ஆரம்பித்தது. விசில் போனது, கைக்கடிகாரம் போனது, மூன்றாம் மாதம் பூட்ஸும் போனது. வெறுங்காலோடு விமானம் ஏறப் போனவர், பையின் அடியில் ஒளித்து வைத்திருந்த கையுறைகளை எடுத்துப் பரனிகோவிடம் கொடுத்தார். யாரும் கேட்காமல் கொடுத்தார். பரனிகோவுக்கு வாழ்க்கையில் அப்படிக் கிடைத்த பொருள் அது ஒன்றுதான்.

"உன் வேலை என்ன தெரியுமா?" என்று கேட்டார் கீத். "வர்றவன் ஒவ்வொருத்தனுக்கும் இல்லைன்னு சொல்றது. கோல்கீப்பர்னா அவ்வளவுதான். உங்க ஊர்ல இது எவனுக்கும் வராது. பாவம் நீ."

பரனிகோவுக்கு அது புரியவில்லை. மனிதர் வெயிலில் அலைந்து குழம்பிவிட்டார் என்று நினைத்தான். கையுறைகளை மட்டும் ஐஸ் ஆலையில் பாளங்களுக்கு அடியில் வைத்தான். கண்ணில் படாத பொருளை யாரும் கேட்க முடியாது.

இப்படி இருக்கையில்தான் பக்கத்துத் தீவு நாடான தாமோவா நட்பாட்டம் ஒன்றுக்கு அழைத்தது. பயணச்செலவு உலக அமைப்புடையது. சின்ன விமானம், பத்தொன்பது இருக்கை. பதினைந்து ஆட்டக்காரர்களும் நான்கு அதிகாரிகளும் போகலாம் என்று உலக அமைப்பு எழுதியிருந்தது. சங்கம் கூடி, அதிகாரிகள் நான்கு பேர் என்பது ஆரம்ப எண்ணிக்கை என்று விளக்கம் கண்டுபிடித்தது.

அன்று மாலையே கேட்க ஆரம்பித்தார்கள். இரண்டாம் துணைத்தலைவர் வலது பின்வரிசை ஆட்டக்காரனின் இருக்கையைக் கேட்டார். தாமோவாவில் அவருக்குப் பல் பார்க்க வேண்டியிருந்தது. பாதிரியார் நடுவரிசைக்காரனின் இருக்கையைக் கேட்டார்; அணிக்கு ஆன்மிகப் பயிற்சி தேவை என்றார். மூத்த செயலாளர் தனக்கு ஒன்றும், தன் மனைவிக்கு ஒன்றும் கேட்டார். மனைவி இல்லாமல் அவருக்கு மாத்திரை போடத் தெரியாதாம்.

அணித் தலைவன் கபுரா ஐஸ் ஆலைக்கு வந்தான். "டேய், கேட்டாத்தானே குடுக்கணும்? கண்ணுலயே படாத. படகை எடுத்துட்டுக் கடலுக்குப் போயிடு."

"நீ?"

"எனக்கு அம்மை போட்டிருக்குன்னு எங்க வீட்டு வாசல்ல எழுதி வச்சாச்சு. சங்கத்துல ஒருத்தனும் கிட்ட வர மாட்டான்."

பரனிகோ படகை எடுத்துக்கொண்டு போனான். வீட்டுக்கு வந்த அதிகாரிகளை அவன் மனைவி புவெனா சமாளித்தாள். புவெனாவுக்கு நாக்கு நீளம். சங்கத்தைக் கண்டால் இன்னும் கொஞ்சம் நீளும்.

"உன் புருஷன் எங்கம்மா?" என்று கேட்டார் ஐந்தாம் துணைத்தலைவர்.

"மீன் பிடிக்கப் போயிருக்காரு, சித்தப்பா."

"நேத்தும் அதைத்தான் சொன்னே."

"நேத்துப் போன மீனைத்தான் இன்னும் பிடிச்சிட்டு இருக்காரு. நீங்க ஒரு கூட்டத்தை மூணு நாளு நடத்தல?"

அவர் புல்லரித்துப்போய், "ஆமாம், பொறுப்பான வேலைன்னா நேரம் எடுக்கும்," என்று ஒப்புக்கொண்டு போனார்.

கிளம்பும் நாளன்று விமானத்தின் விசிறிகள் சுழல ஆரம்பித்த பிறகுதான் பரனிகோ ஓடுதளத்தை ஒட்டிய கரையில் படகை ஏற்றினான். ஐஸ் பெட்டியில் கையுறை. படியில் ஏறும்போது திரும்பிப் பார்த்தான். ஐந்தாம் துணைத்தலைவர் தூரத்தில் கையை ஆட்டிக்கொண்டு, தொப்பை குலுங்க ஓடி வந்துகொண்டிருந்தார். வாய் திறந்து மூடியது. இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. காதில் விழாததைக் கொடுக்க வேண்டியதில்லை என்று பரனிகோ தனக்குத் தானே சட்டம் எழுதிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தான். கதவைச் சாத்தினார்கள்.

பிறகுதான் சுற்றிலும் பார்த்தான். விமானத்தில் அதிகாரிகள் பதினொரு பேர். ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர்.

"ஏழு பேர் இருந்தா ஆட்டம் நடத்தலாம்னு விதி இருக்கு," என்றார் செயலாளர் எரெமியா, முன் இருக்கையிலிருந்து திரும்பி. "ஒருத்தன் கூடுதலாவே இருக்கான். பாருங்க, சங்கம் எவ்வளவு முன்யோசனையோட நடந்திருக்குன்னு."

தாமோவாவில் நிஜமான புல் இருந்தது. நிஜமான கம்பங்கள் இருந்தன. வலை இருந்தது. மறுநாள் பரனிகோ ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் வலையைத் தொட்டுப் பார்த்தான். மேல் கம்பத்தைத் தாவித் தொட்டான். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கோட்டின் நடுவில் கொஞ்ச நேரம் சும்மா நின்றான். பதினான்கு வருடம் காத்திருந்தது வீண் இல்லை என்று அவனுக்குப் பட்டது.

அதிகாரிகளுக்கு மேடை போட்டிருந்தார்கள். தாமோவாச் சங்கமும் நிர்வாகத்தில் நம்மவர்களுக்குச் சளைத்தது இல்லை. அவர்கள் அணியில் ஒன்பது பேர்தான் இருந்தார்கள், மற்றவர்களை விருந்தினர்களின் கார்களுக்குக் காவல் நிறுத்தியிருந்தார்கள். தாமோவாச் சங்கத்தின் தலைவர் மொரோனி, தியாரோவின் மனைவிக்கு அண்ணன். மச்சான்கள் இருவரும் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இளநீர் குடித்தார்கள். வரவேற்புரைகள் நீண்டதில் ஆட்டம் இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது.

எட்டுப் பேரும் ஒன்பது பேரும் ஆடினார்கள். தாமோவாக்காரர்கள் அலை அலையாக வந்தார்கள். பரனிகோ முதல் பந்துக்குப் பாய்ந்தான். விழுந்தபோது தண்ணீர் தெறிக்கவில்லை. அவன் ஒரு கணம் திகைத்துச் சுற்றிலும் பார்த்தான். பந்து கையில் இருந்தது. அடுத்ததைக் காலால் தட்டினான். அதற்கு அடுத்ததை விரல் நுனியால் மேல் கம்பத்துக்கு மேலே தள்ளினான். ஐஸ் பாளம் தூக்கிய கைகள், பிடித்தால் விடாதவை. நேரம் ஆக ஆகத் தாமோவாப் பார்வையாளர்களே அவனுக்குக் கை தட்டினார்கள். இடைவேளை விசில் அடித்தபோது இரண்டு பக்கமும் பூஜ்யம்.

அபரோரோவின் வரலாற்றில் இடைவேளை வரை கோல் வாங்காமல் போனது அதுதான் முதல் தடவை. உடை மாற்றும் அறையில் எட்டுப் பேரும் பூஜ்யம், பூஜ்யம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்கள். கபுரா பரனிகோவின் தலையைப் பிடித்து உலுக்கினான். அப்போது கதவைத் திறந்துகொண்டு தியாரோவும் எரெமியாவும் வந்தார்கள்.

"நல்லா ஆடுறே, மருமகனே," என்றார் தியாரோ.

"சரி, மாமா."

"ரொம்ப நல்லா ஆடுறே. அதுதான் பிரச்சினை." தியாரோ பெஞ்சில் உட்கார்ந்து தொடையைத் தட்டிக்கொண்டார். "நேத்துச் சாப்பாட்டுல மச்சான்கிட்ட ஒரு படகு மோட்டார் கேட்டேன். மறுபேச்சு இல்லாம குடுத்தாரு. பெரிய மனுஷன். அப்புறம் அவரு என்னைக் கேட்டாரு."

"என்ன கேட்டாரு?"

"ஒரு கோல்."

கபுரா கையிலிருந்த பூட்ஸைக் கீழே போட்டான்.

"நான் குடுத்துட்டேன்," என்றார் தியாரோ.

"உங்ககிட்ட ஏது மாமா கோலு?"

"அதனாலதான் உன்னைக் கேக்குறேன்." தியாரோ எழுந்து நின்று தன் மேல்கோட்டைச் சரிசெய்துகொண்டார். "பரனிகோ, ஒரு கோலை நான் கேக்குறேன்."

கபுராவால் பொறுக்க முடியவில்லை. "மோட்டாரைத் திருப்பிக் குடுத்துட்டா என்ன?"

எரெமியா அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "குடுத்த பொருளைத் திருப்பித் தர்றது மரியாதை இல்ல, தம்பி. நாட்டு மானம்னு ஒண்ணு இருக்கு. அதைப் பாக்கத்தான் சங்கம் இருக்கு. நீங்கள்லாம் பந்தை மட்டும் பாக்குறீங்க."

"ஒண்ணே ஒண்ணுதான்," என்றார் தியாரோ, குரலைத் தணித்து. "போன தடவைல்லாம் கேக்காமலே எவ்வளவு குடுத்தோம். இப்ப கேட்டு ஒண்ணு குடுக்குறதுல என்ன கெட்டுப்போச்சு?"

பரனிகோ தரையைப் பார்த்தான். முறைப்படி கேட்டாகிவிட்டது, எட்டுப் பேர் சாட்சி. அவன் அப்பா இல்லை என்று சொன்னதில்லை. அவன் தாத்தா தன் ஒரே படகைக் கேட்டவனுக்குக் கொடுத்துவிட்டு நீந்திக் கரைக்கு வந்தவர்.

"எடுத்துக்குங்க, மாமா," என்றான்.

இரண்டாம் பாதி தொடங்கியது. வாக்கைக் காப்பாற்றப் பரனிகோ கம்பத்தில் சாய்ந்து நின்றான். தாமோவாக்காரன் ஒருவன் தனியாகப் பந்தோடு வந்தான். கோல் வாய் திறந்து கிடந்தது. அவன் மேலே அடித்தான். இன்னொருவன் வந்தான், பக்கத்தில் அடித்தான். மூன்றாமவன் காற்றை உதைத்துவிட்டு விழுந்தான். தடுக்க ஆள் இல்லாத கோலில் ஒரு பந்தைப் போட முடியாமல் அவர்கள் அரை மணி நேரம் திண்டாடினார்கள். ஒவ்வொரு தடவையும் பரனிகோவின் கைகள் தாமாக எழுந்தன. அவன் அவற்றை அக்குளில் செருகிக்கொண்டான். மேடையில் மொரோனி தியாரோவைத் திரும்பிப் பார்த்தார். தியாரோவுக்கு வியர்த்தது.

முடிவதற்குச் சற்று முன், யாரோ ஒருவன் காலில் பட்டு, இன்னொருவன் முதுகில் பட்டு, பந்து பரனிகோவை நோக்கி உருண்டு வந்தது. குழந்தை உருட்டிவிட்டது போல வந்தது. குனிந்தால் எடுக்கலாம். அவன் குனியவில்லை. பந்து கோட்டைத் தாண்டி, வலையைத் தொட்டு நின்றது. பரனிகோ அழுதான். அவன் ஆடிய ஒரே ஆட்டத்தில் வாங்கிய ஒரே கோல், அவன் தடுத்திருக்கக்கூடிய கோல் அது. மேடையில் அபரோரோச் சங்கத்துத் தலைவர் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்.

ஒன்றுக்குப் பூஜ்யம். அபரோரோ வாங்கிய தோல்விகளிலேயே மிகச் சிறியது. ஊர் திரும்பியதும் சங்கம் கூடி அதை வெற்றி என்று அறிவித்தது. கூட்ட மண்டபத்தில் ஊருக்கே விருந்து. பன்றியும் ஈரப்பலாவும் தகர டப்பா மாட்டிறைச்சியும் மலையாய்க் குவிந்தன. அதிகாரிகள் புல்லில் உட்கார்ந்தார்கள். ஊர் சனம் சுற்றிலும் பாயில் உட்கார்ந்தது. ஆட்டக்காரர்கள் ஓரத்தில் பவளச் சரளைமேல் உட்கார்ந்தார்கள்.

தியாரோ பேசினார். "ஒரு கோல்தான் வாங்கினோம். ஏன் ஒண்ணே ஒண்ணு? சங்கம் கட்டுப்பாடா இருந்ததால. பதினோரு அதிகாரிங்க ராவும் பகலும் கூடவே இருந்தோம். ஆட்டக்காரன் எட்டுப் பேருதான் வந்தான். மிச்சப் பேரு வரவே இல்ல. அந்தக் குறையை யாரு சரிக்கட்டினது? நாங்க." கை தட்டினார்கள். "இந்த நாட்டுல கேட்டவனுக்கு இல்லைன்னு சொன்ன ஆளு ஒருத்தன் கிடையாது. அதுக்கு நானே சாட்சி. நான் கேக்காத நாள் இல்ல. எனக்கு இல்லைன்னு ஒருத்தன் சொன்ன நாளும் இல்ல. என் மருமகனைப் பாருங்க. நாட்டுக்காக ஒரு கோலையே குடுத்தான்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. கோல் கொடுக்கப்பட்ட கதை அதுவரை பலருக்குத் தெரியாது. தலைவர் பெருமையில் அதைச் சொல்லிவிட்டதை எரெமியா கவனித்து, அவர் கோட்டை இழுத்தார். தியாரோ அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

"பெரிய மனசு பண்ணி," என்றார், "ஒரு ஆட்டக்காரன் கூட்டத்துல நன்றி சொல்ல இன்னிக்கு மட்டும் அனுமதி குடுக்குறோம். எழுந்திரு, மருமகனே."

பரனிகோ எழுந்தான். புவெனா பாயிலிருந்து அவனைப் பார்த்தாள். தலை குனிந்தபோது அதிகாரிகளின் பிட்டங்களுக்கு அடியில் பச்சைப் புல் தெரிந்தது. எண்ணெயும் எலும்பும் சிந்திய புல்.

"நன்றி," என்றான். பிறகு, "தியாரோ மாமா, நீங்க உக்காந்திருக்குற புல்லை நான் கேக்குறேன்."

எரெமியாதான் முதலில் சுதாரித்தார். "இது நிகழ்ச்சி நிரல்ல இல்ல."

"புபுசிக்கு ஏதய்யா நிரலு?" என்றது பாயில் ஒரு கிழவியின் குரல். சனம் சிரித்தது.

தியாரோ சுற்றிலும் பார்த்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. இல்லை என்று சொன்ன ஆள் ஒருவன் கிடையாது என்று அவரே இப்போதுதான் முழங்கியிருந்தார். "எடுத்துக்கோ," என்றார்.

ஆனால் எழுவதில் சிக்கல் வந்தது. யார் முதலில் எழுவது? மூத்தவர் எழுந்தால் மரியாதைக் குறைவு. இளையவர் எழுந்தால் அதிகப்பிரசங்கித்தனம். துணைத்தலைவர்கள் இதைப் பற்றி விவாதிக்க ஆரம்பித்தார்கள். கபுராவும் மற்ற ஆட்டக்காரர்களும் விவாதம் முடியக் காத்திருக்காமல் ஓரத்திலிருந்து புல்லைச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். சுருள் நெருங்க நெருங்க, அதிகாரிகள் தட்டைக் கையில் பிடித்தபடி, விவாதத்தை நிறுத்தாமல், உட்கார்ந்த நிலையிலேயே நடுவை நோக்கி நகர்ந்தார்கள். கடைசியில் ஒரு பாய் அளவு புல்லில் தலைவரும் ஒன்பது துணைத்தலைவர்களும் ஒருவர் மடியில் ஒருவராக இருந்தார்கள். கபுரா ஒரு இழு இழுத்தான். சங்கம் சரளைக்கு வந்து சேர்ந்தது.

சரளை குத்தியது. நாற்பது ஆண்டில் முதல் தடவையாகச் சங்கம் முழுவதும் ஒரே நேரத்தில் துள்ளிக் குதித்தது.

"மருமகனே," என்றார் தியாரோ, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி. முகத்தில் புன்னகை திரும்பியிருந்தது; வழக்கம் அவர் பக்கம் இருந்தது. "அந்தப் புல்லை நான் கேக்குறேன்."

ஆட்டக்காரர்கள் தோளில் சுருளோடு நின்றுவிட்டார்கள். எல்லோரும் பரனிகோவைப் பார்த்தார்கள். அவனுக்குக் கீத் நினைவுக்கு வந்தார். வெயிலில் குழம்பிப்போனவர் என்று அவன் நினைத்த அந்த மனிதர். கோட்டைத் தாண்டி மெதுவாக உருண்ட பந்து நினைவுக்கு வந்தது.

"இல்ல, மாமா," என்றான்.

தியாரோ காதைச் சரிசெய்துகொண்டு மறுபடி கேட்டார். பரனிகோ மறுபடி அதையே சொன்னான். அடுத்து என்ன செய்வது என்று அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் இதற்கு முன் இது நடந்ததில்லை. சுருள் வெளியே போனது.

இல்லை என்றவனுக்கு என்ன தண்டனை என்பதை ஆராயச் சங்கம் ஒரு குழு அமைத்தது. குழு இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது, சரளைமேல். இதற்கிடையில் வரலாற்று மலரின் புதிய பதிப்பு வந்தது. செயற்கைப் புல்லை ஆட்டக்காரர்களிடமே கொண்டுசேர்க்கும் சங்கத்தின் நீண்டநாள் திட்டம் நிறைவேறியதாக அதில் இருக்கிறது. படத்தில் தியாரோ புல்லை வழங்குவது போல் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார்.

பரனிகோவுக்குத் தண்டனை குழு இல்லாமலே கிடைத்தது. கொடுக்க மறுத்தவன் கேட்கவும் முடியாது. பக்கத்து வீட்டில் மீன் கேட்க முடியாது, படகு கேட்க முடியாது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு கைப்பிடி மூலிகைகூடக் கேட்க முடியாது. அவன் அம்மா அவனோடு பேசுவதில்லை. அவன் நடந்து வந்தால் சிலர் எழுந்து உள்ளே போய்விடுகிறார்கள். இரவில் இது அவனை அறுக்கிறது.

"தீப்பெட்டிகூடக் கடையில வாங்குற பொண்டாட்டி இந்தத் தீவுலயே நான் ஒருத்திதான்," என்றாள் புவெனா. "புல்லு தின்னா வயிறு நிறையுமா?"

"திருப்பிக் குடுத்துடவா?"

அவள் அடுப்பை ஊதினாள். "அவங்க பிட்டத்துக்கா? அடுப்பை நான் பாத்துக்கறேன். நீ போய்ப் பாய்ஞ்சு பழகு."

ஐஸ் ஆலைக்குப் பின்னால் இரண்டு பனைமரத் துண்டுகளை நட்டு, அவற்றின் முன்னால் புல்லை விரித்திருக்கிறான். வேலை முடிந்து சாயங்காலம் அங்கே நிற்பான். முதலில் கபுரா மட்டும் வந்தான். பிறகு துறைமுகத்து ஆட்கள் வந்தார்கள், அவனோடு பேசாதவர்களும் வந்தார்கள். பேசாமலே பந்தை அடித்தார்கள். அவன் ஒவ்வொரு பந்தையும் தடுத்தான். அது மட்டும் அங்கே யாருக்கும் அவமானமாகப் படவில்லை.

ஒரு நாள் தியாரோ வந்தார். கோட்டு இல்லை, செருப்பு இல்லை. புல்லின் ஓரத்தில் நின்று அதைக் கால் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பந்தை வாங்கி, கம்பங்களுக்கு எதிரே வைத்தார். நாற்பது வருடம் சங்கத்தில் இருந்தவர் பந்தைத் தொட்டது அன்றைக்குத்தான்.

"பரனிகோ," என்றார், மற்றவர்கள் காதில் விழாதபடி. "எனக்கு வயசாச்சு. ஒண்ணே ஒண்ணு உள்ள விடு. நான் கேக்குறேன்."

பரனிகோ கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு கோட்டின் நடுவில் நின்றான். கிழவர் ஓடி வந்து உதைத்தார். பந்து மெதுவாகத்தான் வந்தது. நின்ற இடத்திலிருந்தே எடுத்திருக்கலாம். பரனிகோ முழு நீளத்துக்குப் பாய்ந்து பிடித்தான்.